முப்பத்தெட்டு வயதில் தொடங்கினால்

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுபோவதில்லை. நிற்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சினைப்பையின் வேலை தடுமாறத் தொடங்குகிறது. ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும், அடுத்த மாதம் சரிந்துவிடும். அதற்கேற்ப நாள் முந்தும், தள்ளும், சில மாதம் கொட்டித் தீர்க்கும். தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபம் வரும். இந்தக் காலத்தைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறோம்.

மேற்கு நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வயதிலேயே நடக்கிறது. ஆகவே நம் ஊரில் 41, 42 வயதில் நாள் கணக்கு மாறுவது அதிசயமில்லை. "எனக்கு இன்னும் அந்த வயசே வரலையே" என்று பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு வெளிநாட்டு வயதுக் கணக்கும் ஒரு காரணம்.

இந்த அத்தியாயம் அதற்கும் முன்னால், முப்பதுகளிலும் நாற்பதின் தொடக்கத்திலும் இது வந்துவிடும் பெண்களுக்கானது. 45 வயதுக்கு முன் மாதவிடாய் முற்றிலும் நின்றால் அது முன்கூட்டிய நிறுத்தம். 40-க்கு முன்பே சினைப்பை செயல் இழக்கத் தொடங்கினால் அதற்குத் தனிப் பெயர் உண்டு: சினைப்பைச் செயற்குறைவு. மருத்துவர்கள் சுருக்கமாக 'பி.ஓ.ஐ.' என்று எழுதுவார்கள். நூறு பெண்களில் ஒருவருக்கு இது வரும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் அதை 3.5 சதவீதம் என்று திருத்தியிருக்கிறது. அரிய நோய் என்று இனிச் சொல்ல முடியாது.

வயதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 50 வயதில் வரும் உடல் காந்தலும் 38 வயதில் வரும் உடல் காந்தலும் உணர்வதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 38 வயதுக்காரரின் எலும்பும் இதயமும் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பில் இருந்திருக்க வேண்டியவை. தொந்தரவைப் பொறுத்துக்கொள்ள அவரால் முடியலாம். அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ள எலும்பால் முடியாது.

நோட்டில் தெரியும் முதல் அடையாளம்

வீட்டில் தொங்கும் காலண்டர் போதும், அல்லது பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம். ஒவ்வொரு முறையும் தொடங்கிய தேதியை மட்டும் குறித்துவையுங்கள். ஒரு பெண்ணின் நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பிப்ரவரி 3, பிப்ரவரி 27, மார்ச் 30, ஏப்ரல் 19, ஜூன் 25.

இடைவெளிகளைக் கணக்கிட்டால் 24 நாள், 31 நாள், 20 நாள், 67 நாள். அடுத்தடுத்த இரு சுழற்சிகளுக்கு இடையே ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது சில மாதங்களுக்குள் மறுபடியும் நடந்தால் பெரிமெனோபாஸின் முதல் கட்டம். 60 நாளுக்கு மேல் வராமல் போனால் பிந்தைய கட்டம். உலகம் முழுவதும் மருத்துவர்கள் கையாளும் அளவுகோல் இதுதான். மேலே சொன்ன நோட்டில் ஐந்து மாதத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் பாதிக் கதையைச் சொல்லத் தேவையில்லை.

தேதிக்குப் பக்கத்தில் எத்தனை நாள் போனது, ஒரு நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், கட்டி கட்டியாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் எழுத வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் நாளைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அந்த மாதத்துத் தேதி உங்கள் உடம்பு சொன்ன தேதி இல்லை. "மாத்திரை போட்டேன்" என்ற குறிப்பு இல்லாவிட்டால் நோட்டே தவறான கதையைச் சொல்லும்.

நாள் தள்ளிப்போனதும் 'வரவைக்கும் மாத்திரை' எழுதி வாங்கிக்கொண்டு, வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதும் இதே வகைதான். ஒரு முறை சரி. மூன்று முறை, நான்கு முறை அதே மாத்திரையே தொடர்ந்தால், ஏன் தானாக வரவில்லை என்று கேட்டாக வேண்டும். மாத்திரைக்குப் பிறகு இரத்தப்போக்கு வந்துவிட்டது என்பதால் சினைப்பை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

வெயில் ஊரில் உடல் காந்தல்

சித்திரை வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால்தான் நம் பெண்கள் பலர் இந்த அறிகுறியைக் கவனிப்பதே இல்லை. கவனிக்க ஒரு வழி இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கும்போது மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது வரை ஏறும். இரண்டு மூன்று நிமிடம் நீடிக்கும். இதயம் படபடக்கும். பிறகு வியர்த்துக் கொட்டி, அதன்பின் லேசாகக் குளிரும். பக்கத்தில் இருப்பவர் போர்வையை இழுத்துக்கொள்ளும் மார்கழி விடியற்காலையிலும் உங்கள் தலையணை நனைந்திருந்தால் அது வெயில் இல்லை. மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மிகை உணர்ச்சி கொள்கிறது. துளி வெப்பம் கூடினாலும் உடனே வியர்வையைத் திறந்துவிடுகிறது.

"உடம்பு சூடு, நல்லெண்ணெய் தேய்ச்சுத் தலைக்குக் குளி" என்று வீட்டில் சொல்வார்கள். குளியுங்கள், இதமாக இருக்கும், கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

காந்தலே இல்லாமலும் இது தொடங்கும். இளம் வயதுப் பெண்களிடம் பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கமும் மனநிலையும்தான். படுத்ததும் தூங்கிவிடுவார், மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு விடியும்வரை தூக்கம் இல்லை. பிள்ளை பென்சிலைத் தொலைத்ததற்குக் கத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுவார். பள்ளியில் நாற்பது பிள்ளைகளின் பெயரை ஒரே மூச்சில் சொன்னவருக்கு நடுப்பேச்சில் சொல் சிக்காது. மூட்டு வலி, தோள்பட்டை இறுக்கம், தோலில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, பிறப்புறுப்பில் வறட்சி, தாம்பத்தியத்தில் வலி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல வருவதால், எலும்பு மருத்துவர், தோல் மருத்துவர், மனநல மருத்துவர் என்று தனித்தனியாக அலைகிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும், சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை என்றே முடிவு வந்தால், வறட்சியைப் பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

முதலில் எதை விலக்க வேண்டும்

எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடுவதும் ஆபத்துதான். நாள் தள்ளினால் முதல் பரிசோதனை கர்ப்பப் பரிசோதனை. 43 வயதிலும் அதுதான் முதல். பெரிமெனோபாஸில் கருமுட்டை எந்த மாதம் வரும் என்று சொல்ல முடியாதே தவிர, வரவே வராது என்று இல்லை. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டு வரை கருத்தடையைத் தொடர வேண்டும்.

அடுத்தது தைராய்டு. அசதி, படபடப்பு, முடி கொட்டுதல், சுழற்சி மாற்றம் எல்லாமே தைராய்டாலும் வரும். டி.எஸ்.எச். பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மூன்றாவது இரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பவருக்கு ஹீமோகுளோபின் 8 என்று இருந்தால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிமெனோபாஸின் அதிக இரத்தப்போக்கே அந்தச் சோகைக்குக் காரணமாகவும் இருக்கலாம்.

இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் இருக்கக் கூடாது. நம் நாட்டில் இரவு வியர்வை என்றதும் நினைக்க வேண்டிய முதல் சில காரணங்களில் அது ஒன்று. அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

பி.சி.ஓ.எஸ். இருப்பவர்களுக்குச் சுழற்சி எப்போதுமே தாறுமாறாக இருக்கும். இவர்கள் தேதியை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. காந்தல், வறட்சி போன்றவை புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பரிசோதனை, யாருக்கு

45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறிகளே போதும், ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. 45-க்குக் கீழே, குறிப்பாக 40-க்குக் கீழே, எஃப்.எஸ்.எச். பரிசோதனை அவசியம். சினைப்பை சோர்ந்துபோனால் மூளை அதைத் தட்டியெழுப்ப இந்த ஹார்மோனை அதிகமாக அனுப்பும். 40 வயதுக்குள் நான்கு மாதமாவது மாதவிடாய் வராமலோ ஒழுங்கில்லாமலோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால் சினைப்பைச் செயற்குறைவு என்று முடிவு செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். மாதவிடாய் வந்துகொண்டிருந்தால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இரத்தம் கொடுப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்தால் முடிவு நம்பத்தக்கதாக இருக்காது.

பெரிமெனோபாஸின் நடுவில் இந்த எண் இந்த மாதம் 30, அடுத்த மாதம் 9 என்று ஊசலாடும். ஒரே ஒரு இயல்பான முடிவைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால், நோட்டை எடுத்து நீட்டுங்கள். ஏ.எம்.எச். பரிசோதனையைப் பல ஆய்வகங்கள் பெரிதாக விளம்பரப்படுத்துகின்றன. உங்களுக்கு எப்போது மாதவிடாய் நிற்கும் என்று அதால் துல்லியமாகச் சொல்ல முடியாது.

40-க்குக் கீழே உறுதியானால் காரணம் தேட வேண்டும். குரோமோசோம் பரிசோதனை, தைராய்டு மற்றும் அட்ரினல் சுரப்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை, ஃப்ரஜைல் எக்ஸ் மரபணுப் பரிசோதனை ஆகியவற்றை மருத்துவர் பரிந்துரைப்பார். கடைசியாகச் சொன்னது உங்கள் தங்கைக்கும் அக்காவுக்கும்கூட முக்கியமானது. புற்றுநோய்க்கு எடுத்த கீமோ, கதிர்வீச்சு, சினைப்பைக் கட்டிக்குச் செய்த அறுவை, புகை ஆகியவையும் காரணங்கள். பலருக்குக் காரணமே கிடைப்பதில்லை.

குடும்ப வரலாறு வலுவான தடயம். அம்மாவிடம் கேளுங்கள். "அம்மா, உனக்கு எப்போ நின்னுச்சு?" என்றால் வயதாகப் பதில் வராது. "உன் தம்பி பிளஸ் டூ படிக்கும்போதே நின்னுடுச்சு", "அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றுதான் வரும். அதிலிருந்து வயதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பெரியம்மா, சித்தியையும் விடாதீர்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் இளம் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு இது பெரிய காரணம். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கர்ப்பப்பை நீக்க அறுவை நாட்டிலேயே மிக அதிகம் என்று தேசியக் கணக்கெடுப்புகள் காட்டின. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் இளம் பெண்கள் பலருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைக் கண்காணிக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

சினைப்பைகளை விட்டுவைத்து கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும், அவை சில ஆண்டுகள் முன்னதாகவே சோர்ந்துபோக வாய்ப்பு உண்டு. மாதவிடாயே இல்லாததால் நாள் கணக்கு என்ற அடையாளமும் கைவிட்டுப் போகிறது. சினைப்பைகளையும் எடுத்திருந்தால், எந்த வயதானாலும் அன்றே மாதவிடாய் நிறுத்தம்தான். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்பது மட்டும் தெரிந்து, சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் வாழும் பெண்கள் உண்டு. பீரோவில் மடித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். வெறும் 'டி.ஏ.எச்.' என்று இருந்தால் கர்ப்பப்பை மட்டும். கூடவே 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரு சினைப்பைகளும் சினைக்குழாய்களும் போய்விட்டன. 45 வயதுக்குள் அந்த மூன்று எழுத்து உங்கள் காகிதத்தில் இருந்தால், ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிப் பேச இன்னும் தாமதிக்கக் கூடாது.

அறுவை இன்னும் நடக்கவில்லை, பேச்சு மட்டும் நடக்கிறது என்றால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நோய்க்காக எடுக்கிறீர்கள்? மாத்திரையாலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தாலோ இதைச் சமாளிக்க முடியாதா? சினைப்பையை விட்டுவைப்பீர்களா? "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு?" என்பது மருத்துவக் காரணமே இல்லை.

அதே சமயம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், இரு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பின்னோ இரத்தம் பட்டால், ஓராண்டு நின்றபின் மறுபடி இரத்தம் பட்டால், பெரிமெனோபாஸ் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். ஸ்கேனும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உட்சுவர்ச் சதைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

சிகிச்சை

ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் 2002-இல் அமெரிக்காவில் இடையில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டு ஆனவர்கள். அந்த முடிவை 38 வயதுப் பெண்ணின் மேல் ஏற்றிப் பயமுறுத்துவது தவறு. இவருக்குக் கொடுப்பது, உடம்பே இந்த வயதில் சுரந்திருக்க வேண்டிய ஹார்மோன். தடை எதுவும் இல்லாவிட்டால், 40-க்குள் சினைப்பை செயல் இழந்தவர்களும் 45-க்குள் மாதவிடாய் நின்றவர்களும் இயல்பாக நிற்கும் வயதுவரை, அதாவது ஏறக்குறைய 50 வயதுவரை, இதை எடுத்துக்கொள்வதே உலக அளவில் ஏற்கப்பட்ட பரிந்துரை.

கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். மாத்திரையாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. உடல் எடை அதிகம் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஆகியோருக்கு ஜெல் பொருத்தம். இரத்தம் உறையும் ஆபத்து அதில் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், தீவிரக் கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. இரத்தக்கட்டி வந்தவர்கள் நிபுணரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. காந்தலுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. ஆனால் அவை எலும்பைக் காப்பதில்லை. வறட்சிக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நன்றாக வேலை செய்கிறது. அது இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இவை எதையும் தோழியின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். இன்னொன்று, ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது.

இழந்த ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யும் என்று நிரூபிக்கப்பட்ட லேகியமோ சூரணமோ இல்லை. சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தை முடித்த கையோடு குழந்தைப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சினைப்பைச் செயற்குறைவு வந்த பின்னும் 5 முதல் 10 சதவீதப் பெண்களுக்குத் தானாகவே கரு தங்குவதுண்டு. ஆனால் அதை நம்பி ஆண்டுகளை விடக் கூடாது. தானமாகப் பெறும் கருமுட்டை வழியையும் யோசிக்கலாம். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும்.

தினசரி வாழ்க்கையில்

நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு நெருக்கமாகக் கிடைக்கிறது. ஒரு வேளை கூழோ களியோ, இரண்டு தம்ளர் பால் அல்லது மோர், கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று சேர்த்தால் மாத்திரை இல்லாமலே அந்த அளவை நெருங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது. எடை தூக்க வேண்டும். இரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம். வீட்டு வேலையே போதும் என்பவர்களிடம் நான் உடன்படுவதில்லை. அது களைப்பைத் தரும், எலும்புக்குத் தேவையான பளுவைத் தராது. முன்கூட்டிய நிறுத்தம் என்று உறுதியானதும் ஒரு முறை டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு.

கணவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் விலகிப் போவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம், உங்களுக்கு வலிக்கிறது என்று அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். மாமியார் "எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு டாக்டர்கிட்ட போனா" என்பார். அவர் முதுகு ஏன் வளைந்தது, இடுப்பெலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மனம் தாங்க முடியாத இடத்துக்குப் போனால், சாக வேண்டும்போல் தோன்றினால், டெலிமானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவும் பகலும் இயங்கும் இலவச எண் அது, தமிழிலேயே பேசலாம்.

உங்களுக்கு 40 வயது ஆகவில்லை, நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை, கர்ப்பமும் இல்லை என்றால், அடுத்த மாதம் வருமா பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் போய் எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். இரண்டையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.